எண்ணத்திற்குக் கரை கட்டிய மேதை

ஆற்று நீர் கரையின்றி ஓடினால் அது வெள்ளம், ஊரை அழிக்கும். அதே நீரைக் கரை கட்டி, மதகு வைத்து, வாய்க்கால் வழியே விட்டால் அது பாசனம், ஊரை வாழ்விக்கும். நீர் ஒன்றுதான்; அதை ஆளும் முறையில்தான் அழிவும் ஆக்கமும் இருக்கின்றன. மனித எண்ணமும் இத்தகையதே. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தும், ஒரு பக்கம்கூட மனத்தில் பதியாமல் எழுந்த நாட்கள் மாணவியராகிய நம் அனைவருக்கும் உண்டு. வேறொரு நாளில் அதே பாடம் அரை மணியில் தெளிவாக விளங்கிவிடுவதும் உண்டு. இரண்டு நாளும் மூளை ஒன்றுதான். அப்படியானால் எண்ணத்தை ஆளும் மதகு எங்கே இருக்கிறது? அதைத் திறக்கவும் மூடவும் மூளை எவ்வாறு கற்றுக்கொள்கிறது?

இக்கேள்விக்கு விடை தேடும் பாதையில் முதல் விளக்கை ஏற்றி வைத்தவர்களுள் தலைசிறந்தவர் ஸ்பெயின் நாட்டு மருத்துவ மேதை சந்தியாகோ ராமோன் இ கஹால். சந்தியாகோ என்பது நமக்கு அந்நியமான பெயரன்று. நம் ஊர்களில் சந்தியாகு என்றும் சந்தியாகப்பர் என்றும் வழங்குகின்றோமே, அதே அப்போஸ்தலரின் திருப்பெயர்தான் அது. மூளையின் நுண்ணிய அமைப்பைக் கண்டறிந்தது மட்டும் கஹாலின் பெருமையன்று. கட்டுக்கடங்காமல் திரிந்த தம் மூளையைத் தாமே கட்டி ஆண்டு காட்டியதும் அவருடைய பெருமையே. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அவருடைய வாழ்க்கை நமக்குப் பாடமாகிறது.

அடங்காப் பிள்ளை

கஹால் 1852 ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், பெத்தில்யா தெ அரகோன் என்னும் சிறிய மலைக்கிராமத்தில் பிறந்தார். தந்தை ஹுஸ்தோ ராமோன் வறுமையில் பிறந்து, தம் உழைப்பாலேயே அறுவை மருத்துவராக உயர்ந்தவர், கண்டிப்பு மிக்கவர். தாய் அந்தோனியா கஹால். மகனும் தம்மைப் போல் மருத்துவனாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்கோ படம் வரைவதில்தான் ஆசை. கையில் கரித்துண்டு கிடைத்தால் போதும். சுவரென்றும் கதவென்றும் பாராமல் வரைந்து தள்ளிவிடுவான். சோறு போடாத தொழில் என்று தந்தை ஓவியத்தை வெறுத்தார்.

ஒரு நாள் சிறுவன் சந்தியாகப்பரின் உருவத்தை வரைந்தான். தன் பெயர் கொண்ட புனிதரையே வரைந்தான் போலும். அப்பொழுது ஊர்க் கோவிலுக்கு வெள்ளையடிக்க வெளியூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். தந்தை அப்படத்தை அவரிடம் எடுத்துச் சென்று தீர்ப்புக் கேட்டார். சுவருக்குச் சுண்ணாம்பு பூசுகிறவர் படத்தைப் பார்த்தார். இப்பையனுக்கு ஓவியக்கலை வாராது என்று தீர்ப்பளித்துவிட்டார். அதோடு வீட்டில் தூரிகையும் வண்ணமும் தடைப்பொருள்களாயின. ஒரு குழந்தையின் திறமையை யாரிடம் கேட்டு அறிவது என்று அறியாமல் போனால் என்ன நேரும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

1861 இல் ஹாக்கா நகரத்தில் துறவியர் நடத்திய பள்ளியில் சேர்க்கப்பட்டான். அக்காலத்தில் மனப்பாடமே கல்வி, பிரம்பே ஆசிரியர். இலத்தீன் மொழியைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்க அவனால் இயலவில்லை. அடியும் பட்டினியும் அறையில் அடைப்பும் கிடைத்தனவே அன்றிப் பாடம் ஏறவில்லை. பதினோரு வயதில் அவன் செய்த குறும்பு ஊரையே திகைக்க வைத்தது. மரத்தினால் பீரங்கி ஒன்று செய்து, மருந்து திணித்து வெடித்து, பக்கத்து வீட்டாரின் தோட்டக் கதவைத் தகர்த்துவிட்டான். அதற்காகச் சில நாட்கள் ஊர்ச் சிறையில் அடைக்கப்பட்டான்! பின்னர் உவெஸ்கா நகரில் படித்தபோதும் நிலைமை மாறவில்லை. பொறுமை இழந்த தந்தை, மகனை முதலில் முடி திருத்துபவரிடமும் பின்னர்ச் செருப்புத் தைப்பவரிடமும் வேலை கற்க விட்டார்.

இச்சிறுவன் உண்மையில் மந்த புத்தி உடையவன்தானா? பாடத்தில் கால் மணி நேரம் நிலைக்காத அவன், பறவைக் கூடுகளைத் தேடி வயலும் மலையுமாக நாள் முழுதும் அலைவான். முட்டைகளைச் சேர்த்து வகைப்படுத்தி வைப்பான். ஒரு படத்தின் முன் மணிக்கணக்காக அமர்ந்திருப்பான். கவனம் அவனிடம் நிறைய இருந்தது. அதற்கு வாய்க்கால்தான் இல்லை.

எலும்பில் பிறந்த ஒளி

வாய்க்காலை வெட்டித் தந்தவர், வியப்பாக, அதே கண்டிப்பான தந்தைதான். 1868 ஆம் ஆண்டு கோடையில், தந்தையும் மகனும் அயேர்பே ஊரின் பழைய கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று, கேட்பாரற்றுக் கிடந்த எலும்புகளைச் சேகரித்து வந்தனர். உடற்கூற்றை ஏட்டில் படிப்பதை விடுத்து, எலும்பைக் கையில் வைத்துக்கொண்டே கற்பித்தார் தந்தை. எலும்பின் மேடு, பள்ளம், துளை ஒவ்வொன்றும் இளைஞனின் ஓவியக் கண்ணுக்கு விருந்தாயின. பார்த்தான், வரைந்தான், வரைந்ததனால் மறவாமல் கற்றான். பகையாய் நின்ற ஓவியமும் மருத்துவமும் அன்று கைகோத்துக்கொண்டன. தந்தை மகனின் ஆசையை அடித்து ஒழிக்க முயன்ற வரையில் இருவருக்கும் தோல்வி. அந்த ஆசையையே கல்விக்கு வழியாக்கிய நாளில் இருவருக்கும் வெற்றி.

1873 இல் சரகோசாவில் மருத்துவப் பட்டம் பெற்றார் கஹால். படை மருத்துவராகக் கியூபாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். சதுப்பு நிலத்து மருத்துவமனையில் பிறருக்கு மருந்து கொடுத்தவரை மலேரியாக் காய்ச்சல் படுக்கையில் வீழ்த்தியது. உடல் மெலிந்து 1875 இல் தாயகம் திரும்பினார். கையிலிருந்த சேமிப்பைக் கொண்டு அவர் முதலில் வாங்கியது வீடன்று, நிலமன்று, ஒரு நுண்ணோக்கி! அதை வீட்டின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டு தாமாகவே பயின்றார்.

1879 இல் சில்வேரியா ஃபன்யானாஸ் என்னும் நற்குண மங்கையை மணந்தார். இவர்களுக்கு ஏழு மக்கள் பிறந்தனர். 1885 இல் வாலென்சியாவில் வாந்திபேதி நோய் பரவியபோது, கஹால் அதை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அவருடைய உழைப்பைப் பாராட்டிச் சரகோசா மாகாண ஆட்சியினர் உயர்ந்த சைஸ் நுண்ணோக்கி ஒன்றைப் பரிசளித்தனர். அது அவருக்குப் புதுக் கண்கள் கிடைத்தது போலாயிற்று.

மூளை என்னும் காடு

அக்கால அறிஞர்களுக்கு மூளை ஓர் அடர்ந்த காடாகவே தோன்றியது. ஒரு மெல்லிய துண்டை நுண்ணோக்கியில் வைத்தால், எண்ணற்ற நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரியும். எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெரியாது. இத்தாலிய அறிஞர் காமில்லோ கோல்ஜி 1873 இல் ஓர் அரிய முறையைக் கண்டறிந்திருந்தார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டிலும் பின்னர் வெள்ளி நைட்ரேட்டிலும் ஊறவைத்தால், ஆயிரக்கணக்கான அணுக்களில் ஒரு சில மட்டும் கரு நிறம் பெறும். மஞ்சள் நிலத்தில் மையால் வரைந்தது போல அந்தச் சிலவும் வேர் முதல் கிளை வரை முழுமையாகத் தெரியும். ஆனால் இம்முறை ஒரு நாள் பலிக்கும். ஒரு நாள் பலிக்காது. ஆகையால் பலரும் அதைக் கைவிட்டிருந்தனர்.

1887 இல் மாட்ரிட் நகரத்து மருத்துவர் லூயிஸ் சிமாரோ இம்முறையில் அமைந்த ஒரு துண்டைக் கஹாலுக்குக் காட்டினார். கஹால் அதைக் கண்டு மெய்ம்மறந்தார். அவ்வாண்டே பார்சிலோனாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர், இரவு பகலாக இதிலேயே மூழ்கினார். ஊறவைப்பதை இரு முறை செய்தார், பயன் கூடியது. அடர்ந்த காட்டில் மரங்களைத் தனித்தனியே அறிவது அரிது. இளங்கன்றுகள் நிற்கும் தோப்பில் அது எளிது. ஆகவே முதிர்ந்த மூளையை விடுத்து, முட்டைக்குள் வளரும் குஞ்சுகளின் மூளையையும் பிறந்த சிறு விலங்குகளின் மூளையையும் ஆராய்ந்தார்.

அங்கே அவர் கண்டது உலகத்தின் கருத்தையே மாற்றியது. நரம்பு மண்டலம் முழுதும் இடைவிடாத ஒரே வலை என்றே கோல்ஜி உட்படப் பலரும் நம்பியிருந்தனர். கஹால் கண்டதோ வேறு. ஒவ்வொரு நரம்பணுவும் தனித்தனி மரம். ஒன்றின் நார் மற்றொன்றின் கிளையை நெருங்கிச் சென்று நிற்கிறது. ஆனால் ஒட்டி ஒன்றாகிவிடுவதில்லை. 1888 மே மாதத்தில் தம் சொந்தச் செலவில் ஓர் ஆய்விதழ் தொடங்கி இதை வெளியிட்டார். அடித்தது 60 படிகள்தாம். பெரும்பாலானவற்றை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். மறுமொழி வரவில்லை. ஸ்பானிய மொழியில், பெயர் தெரியாத ஒருவர் எழுதியதை யார் படிப்பார்?

அவர் சோர்ந்துவிடவில்லை. 1889 இல் பெர்லின் நகரில் உடற்கூற்று அறிஞர் மாநாடு கூடியது. கைக்காசைச் செலவழித்துக்கொண்டு, கண்ணாடித் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். தடுமாறும் பிரெஞ்சு மொழியில், ஒவ்வொருவரையும் அழைத்து நுண்ணோக்கி வழியே காட்டினார். அலட்சியத்துடன் குனிந்தவர்கள் வியப்புடன் நிமிர்ந்தனர். அக்காலத்துப் பேரறிஞரான முதியவர் கோலிக்கர் மனமார ஒப்புக்கொண்டு, அவ்விளைஞரைத் தம் வண்டியிலேயே அழைத்துச் சென்று பெருமைப்படுத்தினார். இரண்டே ஆண்டுகளில், 1891 இல், ஜெர்மானிய அறிஞர் வால்டையர் இந்த அணுக்களுக்கு நியூரான் என்று பெயரிட்டார். ஸ்பெயின் நாட்டின் ஒரு மூலையில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தவரின் பெயர் உலகெங்கும் பரவிற்று.

இடைவெளியில் இருக்கும் மதகு

தோழியரே, நார்கள் ஒட்டியிருந்தால் என்ன, ஒட்டாவிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றலாம். இங்கேதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இருக்கிறது. மூளை ஒரே வலையானால், பயிற்சியினால் ஒரு வழி திறந்து இன்னொரு வழி மூடுவது எவ்வாறு என்று விளக்குவது கடினம். அணுக்கள் தனித்தனியாக இருந்தால், ஒவ்வொரு சந்திப்பும் ஒரு மதகாகிறது. சில மதகுகள் அகலத் திறக்கலாம், சில சுருங்கலாம். செய்தி அணுவின் கிளைகள் வழியே உள்ளே வந்து, நெடிய நாரின் வழியே வெளியே செல்கிறது என்ற ஒருவழிப் பாதையையும் கஹால் 1891 இல் வகுத்துரைத்தார். ஆங்கிலேய அறிஞர் ஷெரிங்டன் 1897 இல் அச்சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர் சூட்டினார். அங்கேயுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50,000 இல் ஒரு பங்கு. 1950 களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பின்னரே மனிதர் அதைக் கண்ணால் கண்டனர். கண்ணுக்குத் தெரியாத அதைக் கருத்தால் கண்டவர் கஹால்.

1894 இல் இலண்டன் அரச கழகம் அவரை உரையாற்ற அழைத்தது. மனப்பயிற்சியினால் நரம்பணுக்களின் கிளைகளும் இணைப்புகளும் பெருகுகின்றன என்ற கருத்தை அங்கே எடுத்துரைத்தார். பிறவியில் அமைந்த அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்ட நம்மால் இயலாமற்போகலாம். ஆனால் அவற்றின் உறவுகளை வளர்க்க இயலும் என்பது அதன் பொருள். அறிவு என்பது பிறக்கும்போதே எழுதி முடிக்கப்பட்ட கணக்கு அன்று என்பதற்கு அறிவியல் கண்ட ஆதாரம் இதுவே. மந்தன் என்று ஆசிரியர்களால் ஒதுக்கப்பட்டவர் இதைக் கண்டறிந்தார் என்பது எத்துணைப் பொருத்தம்!

நரம்பணுவின் வடிவத்தில் இயற்கையின் சிக்கனத்தையும் அவர் கண்டார். இடத்தில் சிக்கனம், காலத்தில் சிக்கனம், நார்ப்பொருளில் சிக்கனம் என மூன்று. எண்ணத்தின் கருவியே சிக்கனமாகக் கட்டப்பட்டிருக்க, எண்ணுகிறவர் ஊதாரியாக இருக்கலாமா?

சதுரங்கத்தை வென்றவர்

இக்கேள்வியை அவர் தம்மிடமே கேட்டுக்கொண்டார். சதுரங்க ஆட்டத்தில் அவருக்குத் தீராத மோகம் இருந்தது. மாலை தோறும் மன்றத்தில் ஆடுவார். ஒரே நேரத்தில் நால்வரோடு ஆடும் அளவிற்குத் தேர்ந்திருந்தார். ஆட்டம் முடிந்து வீடு திரும்பினாலும் காய்கள் தலைக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும், உறக்கம் கெடும், மறுநாள் ஆய்வு கெடும். சதுரங்கமும் அறிவின் விளையாட்டுத்தானே, அதில் தீமை என்ன என்று அவர் சமாதானம் தேடவில்லை. தம் மூளையின் சிறந்த ஆற்றல் எங்கே செலவாகிறது என்று கணக்குப் பார்த்தார்.

வெறுமனே விலகினால் தோற்று ஓடியதாக மனம் உறுத்திக்கொண்டே இருக்கும் என்பதை உணர்ந்து, ஒரு வாரம் மிக நிதானமாக ஆடித் தம் எதிராளிகளை வென்றார். தன்மானப் பசி தீர்ந்தது. அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சதுரங்கக் காயைத் தொடவே இல்லை! மனத்தை அடித்து அடக்குவது ஒரு முறை. மனத்தின் போக்கை அறிந்து திருப்புவது மற்றொரு முறை. தந்தையிடம் எலும்புகளின் நடுவே கற்ற பாடத்தைக் கஹால் தமக்கே பயன்படுத்திக்கொண்டார் எனலாம்.

1897 இல் அறிவியல் அகாதமியில் சேர்ந்தபோது அவர் ஆற்றிய உரை, இளம் ஆய்வாளருக்கு அறிவுரை கூறும் நூலாக வளர்ந்தது. பெரிய கண்டுபிடிப்புக்குப் பிறவி மேதைமை வேண்டியதில்லை, ஒரே பொருளில் மாதக்கணக்கில் நிலைத்து நிற்கும் கவனமே வேண்டும் என்பது அதன் சாரம். 1906 இல் கல்வி அமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது, அவர் ஏற்கவில்லை. எதைச் செய்வது என்பதைப் போலவே எதை விடுவது என்பதையும் கற்றவர் அவர்.

விளக்கின் பின்னே நின்றவர்கள்

இவ்விடத்தில் சில்வேரியா அம்மையாரை மறத்தல் ஆகாது. பேராசிரியரின் சிறிய ஊதியத்தில் ஒரு பங்கு இரசாயனப் பொருள்களுக்கும், ஒரு பங்கு இதழ் அச்சிடவும் போய்விடும். மீதத்தில் குழந்தைகளை வளர்த்து, குறை கூறாமல் இல்லம் நடத்தினார் அவர். கணவரின் மனம் ஒன்றிலேயே நிலைத்திருந்தது என்றால், ஏனைய அனைத்திலும் மனைவியின் மனம் நிலைத்திருந்தது என்பதே அதன் பொருள். ஒருவரின் ஒருமுகச் சிந்தனைக்கு எத்தனை பேரின் உழைப்பு கரையாக நிற்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நுண்ணோக்கியின் முன் அமரும் வாய்ப்பு அக்காலப் பெண்களுக்கு அரிது. எனினும் ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவர் லாரா ஃபார்ஸ்டர் மாட்ரிடுக்கு வந்து கஹாலின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி, 1911 இல் கட்டுரை வெளியிட்டார். அதே கூடத்தில் உதவியாளராக இருந்த மானுவேலா செர்ரா, தவளையின் தண்டுவடத்தை ஆராய்ந்து 1921 இல் தம் பெயரிலேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். வழி குறுகியதாயினும் நடந்து சென்ற இம்மங்கையரை நாம் நினைவில் வைத்தல் தகும்.

இரு பகைவர், ஒரு பரிசு

1906 இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. முறையைத் தந்தவர் ஒருவர்; அம்முறையால் உண்மையைக் கண்டவர் மற்றொருவர். ஸ்டாக்ஹோம் நகர மேடையிலும் கோல்ஜி நரம்பணுக் கொள்கையை மறுத்தே பேசினார். கஹால் தம் உரையில் தாம் கண்டவற்றை வரிசையாக எடுத்து வைத்தார். கோல்ஜிக்கு உரிய மதிப்பையும் வழங்கினார். ஒரே கண்ணாடித் துண்டை இருவர் பார்த்தும் ஒருவர் வலையையும் மற்றவர் மரங்களையும் கண்டனர். முன்னரே கொண்ட கருத்து கண்ணை மறைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கஹால் நட்ட விதை

கஹாலின் இளைய மாணவர்களுள் ஒருவர் லோரெந்தே தெ நோ. நரம்பணுக்களில் செய்தி வட்டமாகச் சுற்றி மீண்டும் வரக்கூடும் என்று அவர் காட்டினார். அக்கருத்தைப் பயன்படுத்தி, கனடா நாட்டு அறிஞர் டொனால்ட் ஹெப், ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் அணுக்களின் இணைப்பு வலுப்பெறும் என்று 1949 இல் எழுதினார். அதற்கு முன்னரே, 1943 இல், மெக்கல்லக், பிட்ஸ் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் நரம்பணுவைக் கணக்காக எழுதிக் காட்டியிருந்தனர். இவ்விரு விதைகளிலிருந்து முளைத்ததே கணிப்பொறியில் இயங்கும் செயற்கை நரம்பு வலை. அதில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்தான் மதகின் அளவு. விடை தவறினால், தவறு எவ்வழியே வந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட்டு எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்துவார்கள். இம்முறை 1986 இல் பரவலாக அறியப்பட்டது. 2024 இல் ஹாப்ஃபீல்ட், ஹின்டன் ஆகிய இருவருக்கும் இத்துறைக்காக இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

மூளையும் இவ்வலைகளும் சிந்தனையை ஆளக் கற்கும் விதத்தில் ஓர் ஒற்றுமை உண்டு. நம் மூளை உடல் எடையில் 100 இல் 2 பங்குதான். ஆனால் ஓய்வில் இருக்கும்போதும் உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 பங்கை அது செலவிடுகிறது. அதுவும் ஏறத்தாழ 20 வாட்டுகளே; ஒரு சிறு மின்விளக்குக்குப் போதும். இவ்வளவு சிறிய வருவாயில் குடும்பம் நடத்தும் மூளை, எல்லாவற்றையும் எப்போதும் ஆழ்ந்து சிந்திக்க முடியாது. ஆகவே வேலையைப் பங்கிடுகிறது. புதிய வேலை வந்தால் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளை பொறுப்பேற்கிறது. குறிக்கோளை நினைவில் பிடித்து, இடையே வரும் எண்ணங்களைத் தடுத்து, படிப்படியாக நடத்துகிறது. அது மெதுவான வேலை, களைப்பூட்டும் வேலை. அதையே பலமுறை பழகினால், மூளையின் ஆழத்திலுள்ள பகுதிகள் அவ்வேலையைப் பழக்கமாக ஏற்றுக்கொள்கின்றன. முன்மூளை விடுபட்டு அடுத்ததற்குப் போகிறது. எதிர்பார்த்ததைவிட நல்ல பயன் கிடைக்கும்போது டோபமின் என்னும் பொருள் சுரந்து, அவ்வழியை மேலும் வலுப்படுத்துகிறது. முதல் நாள் தையற்பொறியில் அமர்ந்தபோது காலும் கையும் கண்ணும் ஒத்துழைக்காமல் நாம் பட்ட பாட்டையும், இன்று பேசிக்கொண்டே தைப்பதையும் ஒப்பிட்டால் இது விளங்கும்.

செயற்கை வலைகளும் இதே சிக்கனத்தைக் கற்றுவருகின்றன. ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் முக்கியம் என்று எடை போட்டுக் கவனிக்கும் முறையையே மையமாகக் கொண்ட வலை 2017 இல் வந்தது. ஒரு கேள்விக்கு வலை முழுவதையும் எழுப்பாமல் வேண்டிய பகுதிகளை மட்டும் இயக்கும் முறையும் வந்துள்ளது. விடை சொல்லுமுன் படிப்படியாகச் சிந்திக்கவும், சரியாக முடிந்த சிந்தனைக்குப் பரிசு கொடுத்து வழியை வலுப்படுத்தவும் அண்மை ஆண்டுகளில் கற்பித்துள்ளனர். எளிய கணக்கிற்கும் நெடுநேரம் யோசித்தால் மின்சாரம் வீண். கடினமான கணக்கிற்கு அவசரப்பட்டால் விடை பிழை. எங்கே நிற்பது, எங்கே விரைவது என்று கற்பதே இன்று அத்துறையினரின் பெரும் முயற்சி.

ஒன்றில் மட்டும் கஹாலின் கருத்தைப் பின்வந்தோர் திருத்தினர். முதிர்ந்த மூளையின் பாதைகள் பெரிதும் மாறாதவை என்று அவர் தம் பிற்கால நூலில் வருந்தி எழுதியிருந்தார். ஆனால் இணைப்புகள் வாழ்நாள் முழுதும் மாறுகின்றன என்று பின்னர்த் தெரிந்தது. இலண்டன் வாடகைக்கார் ஓட்டுநர்களை ஆராய்ந்து 2000 இல் வெளியான ஆய்வில், வழிகளை நினைவில் வைக்க உதவும் மூளைப்பகுதியின் பின்புறம் பிறரைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது கண்டறியப்பட்டது. உண்மைக்காகவே வாழ்ந்த கஹால் இத்திருத்தத்தைக் கண்டால் மகிழ்ந்தே இருப்பார்.

நிறைவு

1930 இல் சில்வேரியா அம்மையார் மறைந்தார். அதன் பின்னும் முதியவரின் கை எழுதுவதை நிறுத்தவில்லை. 1934 அக்டோபர் 17 ஆம் நாள் மாட்ரிட் நகரில், எண்பத்திரண்டாம் வயதில் கஹால் இறைவனடி சேர்ந்தார். ஓவியம் வாராது என்று வெள்ளையடிப்பவரால் ஒதுக்கப்பட்ட அந்தக் கை வரைந்த நரம்பணுச் சித்திரங்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. 2017 இல் யுனெஸ்கோ நிறுவனம் அவருடைய ஆவணங்களை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துப் பெருமை செய்தது.

அன்புத் தோழியரே, தேர்வில் மதிப்பெண் குறைந்த நாளில், எனக்கு மூளை இவ்வளவுதான் என்று நம்மில் சிலர் சொல்லிவிடுகின்றோம். கணக்கு வாராதவள் என்றும் மனப்பாடம் ஏறாதவள் என்றும் பிறர் சொல்வதை நம்பியும் விடுகின்றோம். அச்சொல்லைச் சொல்லுமுன் அயேர்பே ஊர்ச் சிறையில் இருந்த சிறுவனை எண்ணிப் பார்ப்போம். நமக்குப் பிடித்த ஒன்றைப் பிடிக்காத பாடத்திற்கு வழியாக்குவோம். கடினமானதைக் காலையில் தெளிந்த மனத்தோடு செய்வோம். எளிதானதைப் பழக்கத்திடம் ஒப்படைப்போம். நம் மாலைப்பொழுதை விழுங்கும் சதுரங்கம் எது என்று நாமே கண்டுகொள்வோம். இன்று நாம் எதில் கவனம் வைக்கின்றோமோ, அதன் வழியே நாளை நம் மூளையில் ஒரு பாதை அமைகிறது. அப்பாதையை வெட்டும் மண்வெட்டி நம் கையில்தான் இருக்கிறது.